நாவப்பழக் கலர் வெல்வெட்

கார்த்திகை 22, செவ்வாய்

பாலாற்றில் இரண்டு கரையும் தொட்டுத் தண்ணீர் போன வருஷம் இது. மணலைத் தவிர அதில் வேறெதையும் பார்த்திராத பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினார்கள். சென்னை முழுகிக் கிடப்பதை டிவியில் போட்டபடியே இருந்தார்கள். ஏரோப்பிளேன் நிற்கிற இடத்தில் தண்ணீர் நின்றது. அந்த மழையில்தான் எங்கள் ஓடைத்தாங்கலில் முனிரத்தினம் செத்தான். ஆற்றங்கரைச் சுடுகாட்டுக்கு வழியில்லாமல், மேட்டில் ஏரிக்கரையோரம் குழி வெட்டி வைத்துவிட்டு வந்தோம்.

எனக்கு எழுத்து வராது. பட்டாளத்தில் கையெழுத்து மட்டும் கற்றுக்கொடுத்தார்கள், அதுவும் இங்கிலீஷில். நான் சொல்லச் சொல்ல என் மகள் கோமளா எழுதுகிறாள். ரவிக்கை தைக்கிற வேலை முடிந்ததும் தையல் மிஷின் மேலேயே நோட்டை விரித்துக்கொள்கிறாள். "மெதுவா சொல்லு நைனா, நான் இன்னா டைப் மிஷினா?" என்கிறாள். இதையும் எழுதிவிட்டாள்.

சொல்ல வேண்டிய விஷயம், பைப் அம்மணமாகிவிட்டது.

பைப் என்றால் தண்ணீர்க் குழாய் இல்லை. தோல் பையை இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வாயால் காற்றை நிரப்பி, கையால் அமுக்கி வாசிக்கிற பட்டாளத்து வாத்தியம். மூன்று குழல் தோள்மேல் நிற்கும், ஒன்று விரல்களுக்குக் கீழே இருக்கும். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருத்தன் பட்டாளம் போனவன். அதில் ஏழு பேர் பைப் வாசித்தோம். ரிட்டயராகி வந்தபின் ஏழு பேருமாகச் சேர்ந்து மீரட்டிலிருந்து ஒரு பைப் வரவழைத்தோம். ஊருக்கு அது ஒன்றுதான். முறை வைத்துக்கொண்டு கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் வாசித்தோம்.

முதலில் போனவன் ஜலபதி, எமர்ஜென்சி எடுத்த வருஷம். பாடையைத் தூக்கப் போகிற நேரத்தில் தணிகாசலம் என்ன நினைத்தானோ, பைப்பின் பைமேல் போட்டிருந்த சிவப்பு உறையைக் கழற்றி ஜலபதியின் நெஞ்சில் போட்டான். சொந்தக்காரர்கள் செத்தவர்மேல் கோடித்துணி போடுவார்கள் இல்லையா, அதுமாதிரி எங்கள் பக்கத்துக் கோடி. அன்றிலிருந்து வழக்கமாகிவிட்டது. ஏகாம்பரத்தோடு நீல வெல்வெட் போயிற்று. டேவிட்டோடு வெள்ளைச் சாட்டின். அவன் வேதக்காரன் என்பதற்காக இல்லை, கடையில் அதுதான் இருந்தது. துரைக்கண்ணுவோடு போனது கட்டம் போட்ட கம்பளித்துணி. இப்போது முனிரத்தினத்தோடு கறுப்பு.

உறை போனதும் மிச்சமிருக்கிறவர்கள் சேர்ந்து அடுத்த உறைக்குத் துணி எடுப்போம். அது யாருக்குப் போகும் என்று எவனும் பேசக்கூடாது. உறை இல்லாமல் பைப்பைச் சாவுக்கு எடுப்பதும் கிடையாது.

மிச்சமிருப்பது நானும் தணிகாசலமும். தணிகாசலம் என் தங்கை மரகதத்தின் புருஷன். அவனுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்தில் இரண்டு நாள் வேலூருக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு வருகிறான். தை பிறக்கிறதைப் பார்த்தால் பெரிசு என்று டாக்டர் அவன் மகனிடம் சொல்லியிருக்கிறார். யாருக்கு என்று தெரிந்தே துணி எடுக்கப்போவது இதுதான் முதல் தடவை.

கார்த்திகை 24, வியாழன்

கோமளாவை அழைத்துக்கொண்டு வேலூர் போனேன். லாங்பஜாரில் ஒரு சேட் கடை. வாத்தியத்துக்கு உறை என்றதும் ஆர்மோனியத்துக்குப் போடுகிற பூப்போட்ட துணியை விரித்தான். சாட்டின் வேண்டாம், கக்கத்தில் வழுக்கும். பாப்ளின் வேர்வையில் சாயம் விட்டுச் சட்டையைக் கெடுக்கும். கடைசியில் வெல்வெட்டுக்குத்தான் வந்தோம். புறங்கையால் தடவிப் பார்த்தேன். ஒரு பக்கமாகத் தடவினால் பூனை முதுகு, மறுபக்கமாகத் தடவினால் முரடு. அந்த இழை எப்படிப் படிந்திருக்கிறது என்று பார்த்துத்தான் வெட்ட வேண்டும். மாற்றி வெட்டினால் நடக்க நடக்கப் பை கக்கத்தைவிட்டு முன்னால் ஊர்ந்துவிடும்.

பச்சை எடுத்தேன். பட்டாளத்துப் பச்சை. யோசிக்கவே இல்லை.

வரும்போது பஸ்ஸில் இடமில்லை. பாலத்தில் நிறுத்தியிருந்தார்கள், எல்லோரும் இறங்கி ஆற்றுத் தண்ணீரைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். மேடு ஏறும்போது கொஞ்சம் நின்று நின்று வந்தேன். மூச்சு வாங்கியதை எழுதவா என்று கோமளா கேட்கிறாள். அதெல்லாம் எதற்கு?

கார்த்திகை 25, வெள்ளி

தப்பு செய்துவிட்டேன்.

சாயங்காலம் காப்பித்தூள் கலர்க் காகிதத்தில் சுற்றிய துணியை அப்படியே எடுத்துக்கொண்டு மரகதம் வீட்டுக்குப் போனேன். தணிகாசலத்தைப் பார்த்துவிட்டு, துணி எடுத்தாயிற்று என்று காதில் போட்டுவிட்டு வரலாம் என்று நினைப்பு. மரகதம் வாசலில் விளக்கு வைத்துக்கொண்டிருந்தாள்.

"வாண்ணா. கையில இன்னா?"

"துணி."

"யாருக்கு?"

அங்கேதான் என் வாய் நின்றுபோயிற்று. அவள் காகிதத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். தீப்பெட்டியைக் கீழே வைத்தாள்.

"அண்ணா, அவரு உள்ள மூச்சு உட்டுக்கினு கீறாரு. கஞ்சி குடிச்சாரு. டிவில சண்டைப் படம் பாத்துக்கினு கீறாரு. நீ வெள்ளிக்கிழமையும் அதுவுமா, வெளக்கு வைக்கற நேரத்துல, கோடியத் தூக்கிக்கினு என் வாசப்படி ஏறியா?"

"பைப்புக்கு எடுத்தது மரகதம்..."

"எதுக்கோ எடுத்துக்க. அண்ணங்காரன் தங்கச்சி வூட்டுக்குப் புதுத்துணி எப்ப கொண்டாருவான்? பொங்கலுக்குக் கொண்டாருவான். இல்லாங்காட்டி அவ தாலியறுக்கும்போது கொண்டாருவான். பொங்கல் வந்துடுச்சா?"

அவள் சொன்னது நிஜம். புருஷன் செத்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து அண்ணன்தான் கோடிச் சேலை கொண்டுபோக வேண்டும். எண்பது வயசுக்காரனுக்கு இது தெரியாமலா இருக்கும்? பைப் ஒன்றையே நினைத்துக்கொண்டு போய்விட்டேன்.

உள்ளேயிருந்து தணிகாசலம் குரல் கொடுத்தான். "யாரு மரகதம்? மச்சானா?"

"யாருமில்ல. பால்காரன்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

கார்த்திகை 26, சனி

ரேஷனில் பாமாயில் போட்டார்கள். வேறொன்றும் இல்லை.

கார்த்திகை 29, செவ்வாய்

அந்தப் பச்சைத் துணியை வீட்டில் வைத்துக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை. ஆற்றில் விட்டுவிடு என்றேன். "நல்ல வெல்வெட்ட ஆத்துல உடறதா? வெள்ளம் வந்தது பத்தாதா?" என்று கோமளா அதைத் தன் தையல் மிஷினுக்கு உறையாகப் போட்டுவிட்டாள். மிஷின் பட்டாளத்தில் சேர்ந்த மாதிரி விறைப்பாக நிற்கிறது.

இன்றைக்குத் தணிகாசலம் ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள். டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். ஆட்டோ வந்தது. மகன் நித்தியானந்தம் ஷூ கம்பெனி வேலைக்குப் போய்விடுவான்; அதனால் மரகதம்தான் கூடப் போகிறவள். தணிகாசலத்தின் கையைத் தன் கழுத்தில் போட்டு, முட்டுக்கொடுத்து, ஆட்டோவுக்குள் தூக்கி வைத்தாள். ஆள் உருகிப்போனாலும் அவன் எலும்பு கனம். வைத்துவிட்டு ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். நான் எழுந்தேன். என்னைப் பார்த்தாள், பார்க்காத மாதிரி ஏறிக்கொண்டாள். அவள் காலில் மெட்டி சதைக்குள் புதைந்திருந்தது. அலைகிற கால் வீங்கத்தான் செய்யும்.

மார்கழி 3, சனி

கோமளாவின் செல்லுக்குத் தணிகாசலம் பேசினான்.

"இன்னாயா பால்காரரே, ஒரு வாரமா பால் வரல?"

அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது.

"எங்க அவ?" என்றேன்.

"கொழாயாண்ட கீறா. சட்டுனு சொல்லு. இன்னா கலர் எடுத்தே?"

"அதைச் சொல்லக்கூடாது மச்சான்."

"யாருக்குன்னுதான் சொல்லக்கூடாது, கலர் சொல்லலாம்."

"யாருக்குன்னுதான் ஊருக்கே தெரிஞ்சு போச்சே. அதான் கலராச்சும் மறைக்கறேன்."

சிரித்தான். சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு சொன்னான்: "மச்சான், ஆறு பேருக்கும் முன்னாடி நான்தான் அந்த வழக்கத்த ஆரம்பிச்சேன். எனக்கு மட்டும் அம்மணப் பையத் தூக்கிக்கினு வந்துடாத. பைப்பு இல்லாம போனாலும் போவேன், அப்படிப் போவமாட்டேன்."

"அவ உடமாட்டேங்கறாளே."

"நான் பேசறேன். கல்யாணமானதுலேர்ந்து நான் சொல்லி அவ ஒண்ணும் கேட்டதில்ல. சாவப்போறவன் சொன்னா கேக்குறாளா பாக்கலாம்."

ஆறு பேர் என்றான். போனது ஐந்துதான். அவனையும் சேர்த்துக்கொண்டான்போல.

மார்கழி 8, வியாழன்

மரகதம் வந்தாள். தானே வந்தாள். இருக்கிற தூரம் இரண்டு தெரு. வந்ததும் பேசாமல் நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, தண்ணீர் கேட்டாள். குளிருக்கு நான் சால்வை போர்த்தியிருந்தேன்.

"ரெண்டு நாளா அழுவுறாருண்ணா" என்றாள். "எனக்காவ அழுவல. புள்ளைக்காவ அழுவல. அந்தப் பைக்காவ அழுவுறாரு. கட்டிக்கினு வந்த நாள்லேர்ந்து எனக்கு அது சக்களத்திதான்."

கோமளா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொம்பைக் கீழே வைத்தாள்.

"துணி நான் பாக்கறேன். உன் கையால எடுத்ததை அவருமேல போடவுடமாட்டேன். அது எங்க?"

கோமளா மிஷினைக் காட்டினாள். மரகதம் அந்தப் பச்சை உறையைப் பார்த்தாள். அந்த வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் அவள் சிரித்தது அப்போதுதான்.

மார்கழி 13, செவ்வாய்

நேற்று மூன்று பேருமாக வேலூர் போய் வந்தோம். மார்கழியில் துணி எடுக்கிறோமே என்று கோமளா இழுத்தாள். "நல்லதுக்குத்தான் மார்கழி ஆவாது. இதுக்கு இன்னா வந்துச்சு" என்றாள் மரகதம்.

அதே சேட் கடை. அதே பையன். என்னைப் பார்த்ததும் பச்சைத் துணித் தானை எடுத்தான். மரகதம் கையால் தள்ளினாள்.

"பச்சை வேணாம். ஆளு பாதி ஆயுசு பச்சையிலயே போச்சு. லீவுல வந்தாலும் அந்தப் பச்சைச் சட்டை, ரிட்டயராயி வந்தும் அதே பனியனு. போவும்போதுமா?"

சிவப்பு காட்டினான். கறுப்பு காட்டினான். மஞ்சள் காட்டினான். அவள் ஒவ்வொன்றையும் தன் முழங்கைமேல் போட்டு, கையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். சேலை எடுக்கிறவள் மாதிரியே பார்த்தாள். கடைப்பையன் கேட்டான்: "கல்யாணத்துக்காம்மா?"

"ஆமா, கல்யாணந்தான். மாப்பிள்ளை வூட்டுல கீறாரு, நடக்கமாட்டாரு."

பையன் விழித்தான். கோமளா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கடைசியில், அலமாரி அடித்தட்டில் இருந்த ஒன்றை அவளே கைநீட்டிக் காட்டினாள். நாவப்பழக் கலர். பழம் தின்றால் நாக்கில் ஒட்டுமே, அந்த நிறம். புறங்கையால் தடவினேன். நல்ல வெல்வெட், அடர்த்தியான இழை. அவளும் தடவினாள். பட்டாளத்தில் எந்த பேண்டுக்கும் இந்த நிறம் கிடையாது என்றேன்.

"அதான் எடுக்கறேன்" என்றாள். "எனக்கே இந்தக் கலர்ல ஒரு ரவிக்கைகூட அவரு எடுத்தாந்ததில்ல."

"உனக்கும் ஒண்ணு எடுத்துக்கோ அத்தை, நான் தெச்சுத் தரேன்" என்றாள் கோமளா.

"இப்ப இன்னாத்துக்குடீ. அவருக்கப்புறம் நான் எங்க போட்டுக்கினு போவப் போறேன்."

பஸ் ஸ்டாண்டுக்கு வருகிற வழியில் செருப்புக் கடை வாசலில் நின்றாள். இடது தோளைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மறுபடி ஒரு மருந்துக் கடை வாசலில். கேஸ் டிரபுள் என்றாள். கோலி சோடா வாங்கிக் கொடுத்தேன், ஏப்பம் விட்டாள், சரியாகிவிட்டது. துணியைப் பெஞ்சில்கூட வைக்காமல் மடியிலேயே வைத்திருந்தாள். உள்பக்கம் தைக்கிற துணிக்குக் காடா போதுமா, வேறு வேண்டுமா என்று நான் பேசிக்கொண்டே வந்தேன். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். சின்னப்பிள்ளையில் மயிலார் திருவிழாவுக்குப் போய்விட்டு வண்டியில் வரும்போது இப்படித்தான் தூங்குவாள்.

மார்கழி 17, சனி

அளவெடுத்தோம். காலிப் பையில் அளவெடுக்கக்கூடாது. தோல் காய்ந்து சுருங்கியிருக்கும். காற்று நிரப்பி, பை முழுசாக உப்பி நிற்கும்போதுதான் நாடாவை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வாசிக்கும்போது தையல் பிரிந்துவிடும்.

மரகதம் வெல்லப்பாகு காய்ச்சித் தேன் கலந்து எடுத்து வந்தாள். தோல் வழியாகக் காற்றுக் கசியாமலிருக்கப் பைக்குள் அதை ஊற்றிப் பிசைய வேண்டும். எப்போதும் அவள் கைதான் அதைச் செய்யும். ஏழு பேர் பெண்டாட்டிகளில் வேறு யாருக்கும் அந்தப் பதம் வரவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மாவு பிசைகிற மாதிரி அரைமணி பிசைந்தாள்.

நான் ஊதினேன். பை பாதிக்குமேல் எழவில்லை. ஊதுகுழாய்க்குள் காற்றுத் திரும்பாமலிருக்க ஒரு தோல் நாக்கு உண்டு, அது காய்ந்துபோயிருக்கிறது என்றேன். மறுபடி ஊதினேன். கண்ணில் பூச்சி பறந்தது. தோல் நாக்கு மோசமாகத்தான் காய்ந்திருக்கிறது என்றேன்.

"குடு இப்படி" என்று மரகதம் வாங்கினாள்.

"உனக்கு வராது மரகதம்."

"இத்தினி வருஷம் நீங்க ஊதறதப் பாத்துக்கினுதானே கீறேன்."

கன்னம் உப்ப ஊதினாள். பை எழுந்தது. மடிப்பு ஒவ்வொன்றாக நிமிர்ந்து, பன்றிக்குட்டி மாதிரி உருண்டு நின்றது. கோமளா கத்தினாள்: "அத்தை, நிறுத்தாத, நிறுத்தாத!" நாடாவைச் சுற்றினாள், பென்சிலால் குறித்தாள். மரகதத்துக்குச் சிரிப்பு வந்து காற்றுப் போய், மறுபடி ஊதி, மறுபடி சிரித்து, ஒரு குழலிலிருந்து எருமைக் கன்று கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

எல்லா அளவும் எடுத்தபின் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். ரவிக்கை முதுகு நனைந்திருந்தது. உதடு அவள் எடுத்த துணி நிறத்தில் இருந்தது. சின்ன வயசிலிருந்தே அவளுக்கு வேர்க்கிற உடம்பு.

தோல் நாக்கைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. கிளம்பும்போது வாசலில் நின்று, "அண்ணா, நீயும் ஒரு நடை டாக்டரப் பாரு" என்றாள்.

"எனக்கு இன்னா?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. சொன்னேன்" என்றாள்.

மார்கழி 22, வியாழன்

குஞ்சத்துக்கு வெள்ளி நூலா, தங்க நூலா என்று மரகதம் போனில் ஒரு மணிநேரம். வெள்ளி.

மார்கழி 27, செவ்வாய்

உறை முடிந்தது. கோமளா நன்றாகத் தைத்திருக்கிறாள். இழை சரியாகக் கீழ்நோக்கிப் படிந்திருக்கிறது. ஓரத்தில் வெள்ளி ஜரிகை, முனையில் குஞ்சம்.

மரகதமே கூப்பிட்டனுப்பினாள். பைப்பை உறையோடு சாக்கில் சுற்றிக்கொண்டு போனேன். இந்தத் தடவை புழக்கடை வழியாக.

தணிகாசலம் கட்டிலில் சாய்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டான்.

"நான் பாக்கமாட்டேன். பாத்தா தப்பு. கையக் குடு."

"தொட்டாலும் தப்புதான்."

"அதெல்லாம் ரூல்ல இல்ல. ரூல் போட்டவன் நான்."

அவன் மடியில் வைத்தேன். கண்ணை மூடியபடியே தடவினான். இப்படி ஒரு தரம், எதிர்ப்பக்கம் ஒரு தரம். குஞ்சத்தைப் பிடித்து ஆட்டினான். பிறகு பையைத் தானாகவே இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். விரல்கள் குழலில் தங்கள் இடத்தைப் பிடித்தன.

"வெல்வெட். கலர் இன்னா? பச்சைதானே?"

"இல்ல" என்றாள் மரகதம்.

"சிவப்பு?"

"இல்ல."

"அப்ப இன்னாடீ?"

"போனப்புறம் பாத்துக்க."

நான் சிரித்தேன், அவனும் சிரித்தான். மரகதம் முதலில் சிரித்து, அப்புறம் முகத்தை மூடிக்கொண்டாள். கோமளாதான் அடுப்படிக்குப் போய் டீ போட்டாள். மரகதம் எழுந்திருக்கவில்லை. வந்தவர்களுக்குத் தன் கையால் டீ கொடுக்காமல் அவள் உட்கார்ந்திருந்து நான் பார்த்ததில்லை.

பைப்பை அவள் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தாள். நேரம் வரும்போது எடுக்கத் தோதாக இருக்கும் என்றாள்.

தை 2, சனி

மாட்டுப் பொங்கல். தணிகாசலம் தை பிறந்ததைப் பார்த்துவிட்டான். டாக்டருக்குச் சொல்லியனுப்ப வேண்டும். மரகதத்துக்குப் பொங்கல் வரிசை கொண்டுபோனேன்: கரும்பு, மஞ்சள் கொத்து, ஒரு நூல் சேலை. "இப்பதாண்ணா நேரம் பாத்து வந்தே" என்றாள். படுத்தபடியே சொன்னாள்.

தை 5, செவ்வாய்

மரகதம் போய்விட்டாள்.

தை 9, சனி

செவ்வாய் காலை ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள். ஆட்டோக்காரன் வாசலில் வந்து ஹாரன் அடித்தான். தணிகாசலம் சட்டை மாட்டிக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான், அவள் வந்து தூக்குவாள் என்று. அவள் புழக்கடையில் தண்ணீர்ப் பாட்டில் ரொப்பப் போனவள். ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. தணிகாசலம் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில் ஆட்டோக்காரன்தான் உள்ளே போய்ப் பார்த்தான். குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது.

நெஞ்சு என்றார் டாக்டர். ரொம்ப நாளாகவே காட்டியிருக்குமே, கையில் வலி, வேர்வை, கால் வீக்கம், யாரும் பார்க்கவில்லையா என்று கேட்டார். நித்தியானந்தம் என்னைப் பார்த்தான். நான் கோமளாவைப் பார்த்தேன்.

அளவெடுத்த நாளைப் பற்றிக் கோமளா ஒரு வார்த்தை சொன்னாள். அதை எழுத வேண்டாம் என்றேன்.

பிறந்த வீட்டுக் கோடி நான்தான் கொண்டுபோனேன். அரக்குச் சேலை. பூவும் பொட்டுமாகப் போனவளுக்கு உள்ள மரியாதைப்படி மேளம், மஞ்சள், எல்லாம் நடந்தது. தணிகாசலத்தை நாற்காலியோடு தூக்கிவந்து அவள் தலைமாட்டில் வைத்தார்கள். சுத்தம் பண்ணாத ரத்தத்தோடு உட்கார்ந்திருந்தான், முகம் ஊதி. அழவில்லை. பாடை தூக்கப் போகும்போது, "மச்சான், கட்டிலடியில கீது. எடுத்தா" என்றான்.

எடுத்து வந்தேன். முதல் தடவையாகக் கண்ணைத் திறந்து உறையைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"நாவப்பழம்" என்றான்.

பிறகு கழற்றச் சொன்னான். நித்தியானந்தம் குறுக்கே வந்தான். "நைனா, அது பைப்புக்காரங்களுக்குப் போடறது. உனக்குன்னு அம்மா எடுத்தது. பொம்பளைங்களுக்குப் போட்டதில்லியே."

"கடைசியா அந்தப் பைய ஊதினது யாருடா?" என்றான் தணிகாசலம். "நானா? உங்க மாமனா?"

நித்தியானந்தம் விலகி நின்றான். அளவெடுத்த அன்று நடந்ததை அவள் அவனிடம் சொல்லியிருக்கிறாள். என் மூச்சைப் பற்றியும் சொல்லியிருப்பாள்.

கழற்றிக் கொடுத்தேன். இரண்டு கையாலும் விரித்து, அரக்குச் சேலைக்கு மேலே, நெஞ்சில் போட்டான். அவள் காற்றுக்கு அளவெடுத்த உறை. காற்றில்லாமல் தட்டையாகக் கிடந்தது. குஞ்சம் ஒரு பக்கம் சரிந்தது. அதை நேராக்கி வைத்தான்.

உறை இல்லாமல் பைப்பைச் சாவுக்கு எடுப்பதில்லை. எடுத்தேன். வெறும் தோல் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பாடைக்கு முன்னால் நடந்தேன். ஊதுகுழாயை வாயில் வைத்தேன், ஊதவில்லை. ஊதினாலும் வந்திருக்காது. விரல்கள் மட்டும் வாசித்துக்கொண்டு போயின. பட்டாளத்தில் செத்தவனுக்கு வாசிக்கிற மெட்டு, முதலிலிருந்து கடைசிவரை. மேளக்காரர்கள் என்னைப் பார்த்துவிட்டுத் தாங்களாகவே அடிப்பதை நிறுத்தினார்கள். ஆற்றங்கரைவரைக்கும் காலடிச் சத்தம்தான். தண்ணீர் வடிந்து, சுடுகாட்டுக்குப் பாதை திறந்திருந்தது.

தை 12, செவ்வாய்

ஆட்டோ வந்தது. தணிகாசலத்தை நான் தூக்கினேன். முடியவில்லை. ஆட்டோக்காரன் பிடித்தான்.

தை 21, வியாழன்

கருமாதி முடிந்தது. வாரத்தில் இரண்டு நாளும் நான்தான் கூடப் போகிறேன். அவனுக்கு மிஷின் ஓடும்போது பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன். போன தடவை அங்கேயே என் நெஞ்சுக்கும் படம் எடுத்தார்கள். நர்ஸ் என்னவோ சொன்னாள், அன்றைக்குக் கூட வந்திருந்த கோமளா கேட்டுக்கொண்டாள்.

இன்றைக்கு ஆட்டோ லாங்பஜார் பக்கமாக வந்தபோது, "நிறுத்துப்பா" என்றான் தணிகாசலம்.

"இன்னாத்துக்கு?"

"பைப் சும்மா கெடக்குது மச்சான். குளிர்ல தோலு வெடிச்சிடும்."

"இப்ப யாருக்கு எடுக்கறது?" கேட்டிருக்கக்கூடாது, கேட்டுவிட்டேன்.

"என்னுத அவளுக்குக் குடுத்துட்டேன். நான் சும்மாவே போறேன், எனக்குப் பரவால்ல" என்றான். "ஆட்டோலேர்ந்து ஆஸ்பத்திரிப் படி ஏறதுக்குள்ள நீ எத்தினிவாட்டி நிக்கறேன்னு பாத்துக்கினுதான் கீறேன். நீ உள்ள வராத. நானே பாத்துக்கறேன்."

அவனால் இறங்க முடியாது. அதனால் கடைப்பையன் துணித் தான்களைச் சுமந்து ஆட்டோவுக்கே வந்தான். தணிகாசலம் என்னை இறங்கி அந்தப் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னான். நின்றேன். முதுகுக்குப் பின்னால் துணி விரிக்கிற சத்தம், மடிக்கிற சத்தம். "இது வேணாம், கெழவனுக்கு வயசு கூட்டிக் காட்டும்" என்கிறான். பையன் சிரிக்கிறான். ரோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வெயில் நன்றாக அடித்தது.

எதை எடுத்தான் என்று தெரியாது. காகிதத்தில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தான், கோமளாவிடம் நேராகக் கொடுத்தான்.

அவள் இப்போது நோட்டை அந்தத் துணிப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்துத்தான் எழுதுகிறாள். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. எல்லாப் பேரையும் ஒரே இடத்தில் எழுது என்றேன். ஜலபதி. ஏகாம்பரம். டேவிட். துரைக்கண்ணு. முனிரத்தினம். அதற்குக் கீழே மரகதம் என்று எழுது, அவளும் எங்களோடு சேர்த்திதான். எழுதினாள்.

"அப்புறம் உன் பேரா நைனா?"

என்னை எழுதாதே. எனக்குப் போடவேண்டியவன் ஒருத்தன் இருக்கிறான். வியாழனும் செவ்வாயும் ஊசிக்குக் கையை நீட்டிக்கொண்டு, டாக்டர் சொன்ன கெடுவைத் தாண்டி, உயிரோடு இருக்கிறான். கொஞ்சம் இடம் விட்டு அவன் பேரை எழுது.

தணிகாசலம்.